பூசை காண்பதும் பங்கெடுப்பதும்

1971 ஜூலை 6ஆம் தேதி லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் ஒரு முறையீடு வெளிவந்தது. ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை தனது பழைய லத்தீன் பூசையை வழக்கொழித்துவிடக் கூடாது என்று கேட்கும் முறையீடு. கையெழுத்திட்டவர்களில் ராபர்ட் கிரேவ்ஸ், கிரஹாம் கிரீன், ஐரிஸ் மர்டாக், காதலீன் ரெய்ன், வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹின், துப்பறியும் நாவலாசிரியை அகதா கிறிஸ்டி ஆகியோர் உண்டு. எஃப்.ஆர். லீவிஸும் உண்டு. இதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன், 1966ல், இதே காரியத்துக்காக ரோமுக்குப் போன வேறொரு விண்ணப்பத்தில் ஆடனும் போர்ஹேயும் திரைப்பட இயக்குநர் ராபர்ட் ப்ரெஸ்ஸானும் கையெழுத்திட்டிருந்தார்கள். இவர்களில் பலர் கத்தோலிக்கர் அல்ல. சிலருக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. 1971 முறையீட்டுக்கு ஓரளவு பலனும் கிடைத்தது. அந்த வருஷம் நவம்பரில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சில சந்தர்ப்பங்களில் பழைய பூசையை வைத்துக்கொள்ளப் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அனுமதி தந்தார்.

இந்த முறையீட்டைப் படிக்கும்போது எழுத்தோடு சம்பந்தமுள்ள எவனுக்கும் முதலில் தோன்றுவது உடன்பாடுதான். வாதம் எளிமையானது. கதீட்ரல்களையெல்லாம் இடித்துவிடும்படி நாளைக்கே ஓர் உத்தரவு வந்தால் படித்த உலகம் சும்மா இருக்குமா? கல்லில் கட்டியதற்கு உள்ள மரியாதை சொல்லில் கட்டியதற்கு இல்லையா? இந்தச் சடங்கிலிருந்து கவிகளும் இசையமைப்பாளர்களும் ஓவியர்களும் சிற்பிகளும் பெற்றது எவ்வளவு? ஆகவே அது திருச்சபைக்கு மட்டும் சொந்தமானதல்ல; மனித கலாசாரத்தின் பொதுச் சொத்து. இந்த வாதத்தின் நடுவே, கோடிக்கணக்கான தனிமனிதர்களின் சமய அனுபவத்தைத் தாங்கள் இப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றும் அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். நேர்மையான பேச்சு. முறையீட்டின் பலவீனம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஒரு வழிபாட்டைப் பற்றிப் பேசும்போது வழிபடுகிறவனை ஒதுக்கிவைத்துவிட்டால் மிஞ்சுவது மியூசியத்தில் வைக்கத்தக்க ஒரு பொருள். லீவிஸ் கவிதையை இப்படி அணுகியவர் அல்ல. கவிதை தாளில் இருக்கும் கறுப்புக் குறிகளில் இல்லை, அதைத் தம்முள் மீண்டும் சிருஷ்டித்துக்கொள்ளும் மனங்கள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது என்று ஆயுள் முழுவதும் வாதாடியவர். வாசகனுக்குக் கொடுத்த இந்த இடத்தை, முழந்தாளிட்டிருப்பவனுக்கு அவர் கையெழுத்திட்ட தாள் கொடுக்கவில்லை.

மறுதரப்பின் வாதத்தையும் பார்க்கவேண்டும். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய சாசனத்தை ஏற்றுக்கொண்டது. ஆதரவு 2147 வாக்குகள், எதிர்ப்பு 4. சாசனத்தின் மையமான எண்ணம் பங்கேற்பு. ஜனங்கள் ஊமைப் பார்வையாளர்களாக நின்றுகொண்டிருக்கக் கூடாது; அறிந்து, முனைந்து பங்குகொள்ளவேண்டும். அதற்குப் புரியவேண்டும், புரிவதற்கு அவர்கள் மொழி வேண்டும்.

‘புரியவில்லை’ என்ற குற்றச்சாட்டைப் புதுக்கவிதைக்காரர்கள் நிறையவே கேட்டிருக்கிறார்கள். ‘புரிவது மட்டும்தானா எல்லாம்?’ என்று திருப்பிக் கேட்க நமக்கு நாக்கு துடிக்கும். இங்கே அவசரப்படக் கூடாது. புரியாத கவிதையை மூடிவைத்துவிட்டு ஒருவன் வேறு வேலை பார்க்கப் போகலாம். தன் குழந்தைக்குப் பெயர் வைக்கிற, மகளைக் கட்டிக்கொடுக்கிற, தாயைப் புதைக்கிற சடங்கை அவன் அப்படி மூடிவைக்க முடியாது. அங்கே தன்னைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு. இது ரசனையின் பிரச்னை அல்ல. சீர்திருத்தக்காரர்கள் சறுக்கியது வேறிடத்தில். சடங்கை அவர்கள் ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டார்கள். செய்தி என்றால் தெளிவாகச் சொன்னால் போதும். சடங்கிலோ சொல்வது ஒரு பகுதி, செய்வது மீதி. அப்பத்தை எடுப்பது, நன்றி கூறுவது, பிட்பது, கொடுப்பது - பூசையின் முதுகெலும்பு இந்த நான்கு வினைச்சொற்கள். இவற்றில் மொழி வேண்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான்.

பழையது, ஆகவே புனிதமானது என்ற எண்ணமும் சரித்திரத்தின் முன் நிற்காது. ரோமாபுரிக் கிறிஸ்தவர்கள் முதலில் கிரேக்கத்தில் வழிபட்டவர்கள். நாலாம் நூற்றாண்டு வாக்கில் லத்தீன் அந்த இடத்தைப் பிடித்தபோது அதுதான் ஊரார் அறிந்த மொழி. லத்தீன் உள்ளே வந்த காரணமும் பின்னால் தமிழ் உள்ளே வந்த காரணமும் ஒன்று. திரெந்து சங்கத்தை அடுத்து 1570ல் ஐந்தாம் பயஸ் ஒரே பூசைப் புத்தகத்தைப் பொதுவாக்கினார். அப்போதும் இருநூறு வருஷத்துக்கு மேல் வழக்கிலிருந்த சடங்குமுறைகளுக்கு விலக்கு கொடுத்தார். ஒழுங்கை நிலைநாட்ட வந்தவரே பழமைக்கு ஓர் உரிமை உண்டென்று ஒப்புக்கொண்டார். 1969ல் புதிய பூசைப் புத்தகம் வந்தபோது நானூறு வருஷப் பழமைக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. வயதான குருக்கள் ஜனங்களில்லாமல் தனியாகச் செய்யும் பூசைக்கு மட்டும் விலக்கு. இத்தனைக்கும் சங்கத்தின் சாசனம் லத்தீனை அடியோடு நீக்கச் சொல்லவில்லை. குரு ஜனங்களைப் பார்த்து நிற்கவேண்டும் என்று அதில் ஒரு வரி கிடையாது. ஆனால் சில வருஷங்களுக்குள் உலகமெங்கும் பீடங்கள் திரும்பிவிட்டன.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கருக்கு நேர்ந்ததை இந்த ஐரோப்பிய விவாதத்தின் தமிழ்ப் பிரதியாகப் பார்க்கமுடியாது. லத்தீன் அவர்களுடைய கடந்தகாலம் அல்ல. பக்கத்து வீட்டுக்காரன் சமஸ்கிருதத்தில் அர்ச்சனை கேட்டதுபோல இவர்கள் லத்தீனில் பூசை கண்டார்கள். ‘பூசை காண்பது’ என்பதுதான் பழைய வழக்கு. இன்று ‘திருப்பலியில் பங்கெடுப்பது’. நடந்த சீர்திருத்தம் மொத்தமும் இந்த வினைமாற்றத்தில் அடங்கிவிடுகிறது.

கண்டவர்கள் சும்மா நின்றார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். பீடத்தில் குரு முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் முணுமுணுத்துக்கொண்டிருக்கையில், கீழே ஜனங்கள் தமிழில் செபமாலை சொன்னார்கள், மந்திரங்கள் சொன்னார்கள், பாடினார்கள். மணி அடித்ததும் தலை தாழ்த்தினார்கள். லத்தீனுக்குக் கீழே ஒரு தமிழ் வழிபாடு தன் போக்கில் நடந்துகொண்டிருந்தது. அதற்கு நீண்ட வயசும் உண்டு. செபங்களும் ஞானோபதேசமும் கொண்ட ‘தம்பிரான் வணக்கம்’ 1578ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. தவசு காலத்தில் ராகம் போட்டு வாசிக்கிற ‘வியாகுல பிரசங்கம்’ இலங்கையில் ஊழியம் செய்த யாக்கோமே கொன்சால்வெஸ் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது. பாஸ்கு நாடகம், சப்பரம், கொடியேற்றம், சாவு வீட்டில் உபதேசியார் சொல்லும் செபம் - எல்லாம் பூசைப் புத்தகத்துக்கு வெளியே இருந்தவை. குரு எப்போதாவது எட்டிப்பார்த்துப் போன கிராமங்களில் விசுவாசம் பிழைத்துக் கிடந்தது இவற்றால்தான்.

1960களின் பிற்பகுதியில் பூசை தமிழுக்கு வந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. குருவின் மொழி தமிழானதும், அதே நேரத்தில் ஜனங்கள் பேசிக்கொண்டிருந்த தமிழுக்கு இடமில்லாமல் போயிற்று. குரு சொல்வதைக் கேட்கவேண்டும். அச்சிட்ட பதிலை எல்லோரும் ஒரே குரலில் சொல்லவேண்டும். பூசை நேரத்தில் செபமாலை உருட்டுகிற கிழவி நேற்றுவரை பக்தி உள்ளவள். இன்று கவனம் இல்லாதவள். பங்கெடுப்பு என்பது கொடுக்கப்பட்ட பங்கை எடுத்துக்கொள்வது என்று ஆயிற்று. மாற்றம் வேண்டாத மாற்றம் என்று நான் சொல்லவரவில்லை. வேத வாசகங்கள் வாரந்தோறும் ஜனங்களின் காதில் அவர்கள் மொழியில் விழத் தொடங்கின. சில வருஷங்களில் அவற்றை வாசிக்க ஒரு பெண் பீடத்தருகே போய் நின்றாள். இவை சின்ன லாபங்கள் அல்ல. நஷ்டக் கணக்கை லத்தீனின் பெயரில் எழுதாமல், உரிய பெயரில் எழுதவேண்டும் என்பதுதான் விஷயம். ஐரோப்பியன் இழந்தது லத்தீனை. தமிழன் இழந்தது, அந்த லத்தீன் கவனிக்காமல் விட்டிருந்த தன் சொந்தத் தமிழை.

சொற்களிலும் இதே கதை. 1578ல் கடவுளுக்கு ‘தம்பிரான்’ என்று பெயர். 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலியின் வழிவந்த தமிழில் ‘சர்வேசுரன்’. சங்கத்துக்குப் பிறகு ‘இறைவன்’. போர்த்துக்கீசிய ‘இஸ்பிரீத்து சாந்து’ ‘தூய ஆவி’ ஆயிற்று, ‘அர்ச்சியசிஷ்ட’ ‘புனித’ ஆயிற்று, ‘சம்மனசு’ ‘வானதூதர்’, ‘ஞானஸ்நானம்’ ‘திருமுழுக்கு’. அர்த்தம் விளங்கவேண்டும் என்ற ஆசை பாதி, தனித்தமிழ்க் காற்று பாதி. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995ல் வந்தபோது சின்னப்பர் பவுல் ஆனார். இராயப்பர் பேதுரு ஆனார். அருளப்பர் யோவான் ஆனார். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவன். அதைச் சின்னப்பர் என்று சொன்னவன் மொழிபெயர்ப்பு என்றால் என்ன என்று தெரிந்தவன். இரண்டு சபைகளின் ஒற்றுமைக்காக அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டோம். அந்த ஒற்றுமை அந்த விலை பெறும் என்றே வைத்துக்கொள்வோம். விலை கொடுத்தோம் என்பதாவது ஞாபகம் இருக்கவேண்டும். புத்தகம் மாறினாலும் ஊரில் சின்னப்பனும் ராயப்பனும் அருளப்பனும் சவரிமுத்துவும் இருக்கிறார்கள். குழந்தை முதல் தடவை நற்கருணை வாங்குவது இன்றும் ‘புதுநன்மை’தான். உத்தரவு எட்டாத இடத்தில் மரபு இப்படித்தான், தன்னை மரபு என்று அறியாமல், இருந்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் சௌகரியமாக இருக்கும். ஸ்தாபனத்தின் உத்தரவு ஒரு பக்கம், ஜனங்களின் வழக்கம் மறுபக்கம். வழக்கமே உண்மையான மரபு என்று முடித்துவிடலாம். ஆனால் ஜனங்கள் என்றால் யார் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோவில் 19ஆம் நூற்றாண்டில் கால்சட்டை வடிவத்தில் கட்டப்பட்டது. இரண்டு நீண்ட கூடங்கள் பீடத்தருகே வந்து கூடும். வெள்ளாளப் பிள்ளைமாரும் முதலிமாரும் ஒரு கூடத்தில். நாடார் முதலான மற்றவர்கள் இன்னொன்றில். ஒருவரையொருவர் பாராமல் இரு கூட்டமும் ஒரே குருவைப் பார்க்கலாம். அந்தத் தடுப்பு 1910ல் இடிக்கப்பட்டது. மேல்ஜாதியார் நீதிமன்றம் போனார்கள். இது எங்கள் வழக்கம், வழக்கம் எங்கள் உரிமை என்பது வாதம். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ‘டைம்ஸ்’ முறையீட்டில் உள்ள முக்கிய அம்சங்களை அந்த வாதத்திலும் பார்க்கலாம். நெடுங்காலமாக இருந்துவருவது, முன்னோர் வழியாக வந்தது, அதிகாரத்தில் இருப்பவரால் திடீரென்று அழிக்கப்பட்டது. ஊரின் பிடிவாதம் கட்டவைத்த சுவர் அது. இடித்தது ஓர் உத்தரவு. ரோமின் கையும் சுத்தமில்லை. மலபார்ச் சடங்குகள் பற்றிய நீண்ட சச்சரவை முடித்துவைத்த 1744ஆம் வருஷத்து ஆணையை ஒட்டி, தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று தனிக் குருமார் என்ற ஏற்பாடு ஒப்புக்கொள்ளப்பட்டது.

வடக்கன்குளத்தின் இரண்டு கூடங்களிலும் கேட்டது ஒரே லத்தீன். யாருக்கும் புரியாததால் யாருக்கும் பாரபட்சம் காட்டாத மொழி. அதன் அழகு சுவரை ஓர் அங்குலம் அசைக்கவில்லை. பின்னால் வந்த தமிழும் மற்ற ஊர்களின் சுவர்களைத் தானாக அசைத்துவிடவில்லை.

அப்படியானால் எதைக் காப்பது, எதை மாற்றுவது என்று எதை வைத்து முடிவு செய்வது? வயது அளவுகோல் ஆகாது; சுவருக்கும் வயது உண்டு. புரிவது அளவுகோல் ஆகாது. சுவர் எல்லோருக்கும் நன்றாகவே புரிந்தது. ஊரின் சம்மதமும் ஆகாது. சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பவனின் சம்மதம்தான் ஊர்ச் சம்மதமாக எழுதப்படும். சடங்கின் அளவுகோல் சடங்கின் செய்கைக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒரே அப்பத்தைப் பிட்டு எல்லோருக்கும் கொடுப்பது என்ற காரியத்தைச் செய்துகொண்டே, அதை வாங்கிக்கொள்ள இரண்டு வரிசை வைத்தால் செய்கை தன்னைத்தானே பொய்யாக்கிக்கொள்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் சின்னப்பருக்கு வந்த கோபம் இதுதான். சிலர் முந்திக்கொண்டு தின்று குடித்து வெறிக்க, இல்லாதவர்கள் பசியோடு நிற்கும் விருந்து ஆண்டவருடைய விருந்தே அல்ல என்று கடிந்துகொள்கிறார். அவர் கண்ட முறைகேடு பகிர்வில் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் மாற்றம் கட்டாயம். ஒவ்வொரு நாள் தாமதமும் குற்றம். செய்கையைப் பொய்யாக்காத மற்ற வித்தியாசங்களில் - லத்தீனா தமிழா, குரு எந்தப் பக்கம் பார்க்கிறார், முழந்தாளிலா நின்றுகொண்டா - பழமைக்கு ஓர் உரிமை உண்டு, 1570ன் இருநூறு வருஷ விலக்கைப்போல. அவற்றையும் மாற்றலாம். ஆனால் கேட்டுவிட்டு மாற்றவேண்டும்.

நடந்தது பெரும்பாலும் தலைகீழ். மொழியும் பீடமும் சில வருஷங்களில் மாறின, வரிசைகள் காத்திருந்தன.

இந்தியமயமாக்கலை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். 1950ல் குளித்தலைக்கு அருகே சாந்திவனத்தில் மொன்ஷனேனும் பின்னால் அபிஷிக்தானந்தர் என்று அறியப்பட்ட லெ சோவும் ஆசிரமம் தொடங்கினார்கள். 1969 ஏப்ரலில் இந்திய ஆயர்கள் கேட்ட 12 அம்சங்களுக்கு ரோம் இசைவு தந்தது. செருப்பைக் கழற்றுவது, தரையில் உட்காருவது, கைகூப்புவது, பஞ்சாங்க வணக்கம், குத்துவிளக்கு, ஆரத்தி, குருவின் அங்கிக்குப் பதில் ஒரு சால்வை இப்படி. இதன் பின்னால் முக்கியமாக உழைத்தவர் பெங்களூரிலிருந்து இயங்கிய அமலோற்பவதாஸ். அவருடைய நோக்கத்தைச் சந்தேகிக்க நியாயமில்லை. பழமைவாதிகள் இது இந்துமயமாக்கல் என்று கூச்சல் போட்டார்கள். அதைவிடக் கூர்மையான கேள்வி பின்னால் தலித் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தது. இந்திய மரபு என்று நீங்கள் எடுத்துவந்தது யாருடைய மரபு? ஆயர் பேரவையின் கணக்குப்படியே இந்தியக் கத்தோலிக்கர் 1 கோடியே 90 லட்சத்தில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள். எந்தக் கோவிலுக்குள் நுழைய முடியாமல் இவர்களின் முன்னோர் வேதத்தில் சேர்ந்தார்களோ, அந்தக் கோவிலின் ஆரத்தியை இவர்கள் முகத்துக்கு நேரே சுற்றி, இதுதான் உங்கள் பண்பாடு என்றால் எப்படி? பிறகு பறையும் சில கோவில்களுக்குள் வந்தது. சாவு மேளம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஒரு சாவை நினைவுகூரும் சடங்கில் சாவு மேளம் பொருந்தாது என்பது எந்த இறையியல் என்று தெரியவில்லை.

மேற்கில் லத்தீன் பூசையின் கதை வேறு திருப்பம் எடுத்திருக்கிறது. 2007ல் பதினாறாம் பெனடிக்ட் அதைத் தாராளமாக அனுமதித்தார். 2021 ஜூலையில் பிரான்சிஸ் அந்த அனுமதியைச் சுருக்கினார். திருச்சபையின் ஒற்றுமையைக் குலைக்க அது பயன்படுகிறது என்பது அவர் சொன்ன காரணம். பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் அந்தப் பூசைக்குப் போகிறவர்களில் இளைஞர்கள் நிறைய. 1969க்கு வெகுகாலம் பின்னால் பிறந்தவர்கள். அவர்களுக்கு அது யாரும் கையில் கொடுத்துப் போனதல்ல, தேடிக் கண்டெடுத்தது. அவர்கள் பாட்டி காலத்தில் இருந்தது ஒரே பூசை. அது தனக்குப் பிடிக்கிறதா என்று பாட்டி கேட்டுக்கொண்டதில்லை. பேரன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறான். தேர்ந்த அளவில் அவன் நவீன மனிதன். இதை அவன்மேல் குறையாகச் சொல்லவில்லை. சங்கப் பாட்டை எடுத்துப் படிக்கும் புதுக்கவிதைக்காரன் நிலைமையும் இதுதான். ஆனால் தேர்ந்தெடுத்த மரபுக்கு ஒரு கூடுதல் பொறுப்பு வந்துவிடுகிறது. பழையது என்று சொல்லி அதை நியாயப்படுத்த முடியாது. ஏன் இது என்று சொல்லியாகவேண்டும். யாரோடு சேர்ந்து இது என்றும் சொல்லியாகவேண்டும். தன்னைப்போல் தேர்ந்தெடுத்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு ஒருவன் கதவைச் சாத்தினால், எவ்வளவு அழகாகப் பாடினாலும் அது வடக்கன்குளத்தின் ஒரு கூடம்தான்.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித்துகள் பற்றி ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை அதில் ஒப்புக்கொண்டது. சில ஊர்களில் சுவர் கல்லறைத் தோட்டத்துக்குள் போய் நிற்கிறது; சில ஊர்களில் தேர் எந்தத் தெரு வழியே போகாது என்பதில் இருக்கிறது. செபத்தின் மொழி நம் கண்முன் மாறியது, சொற்கள் அதற்குள்ளேயே மறுபடி மாறின. தேர்ப் பாதை அப்படியே இருக்கிறது.

பழைய பூசையோடு போன அழகுக்காக வருத்தப்படலாம். அந்த வருத்தத்துக்கு, முழந்தாளிடாத நமக்கும் உரிமை உண்டு. லீவிஸுக்கும் போர்ஹேக்கும் இருந்ததுபோல. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று சொல்லும் உரிமை அந்த அப்பத்துக்காகக் கையேந்தி நிற்பவர்களுடையது. அவர்களிலும், கடைசியில் நிறுத்திவைக்கப்பட்டவர்களிடம் முதலில் கேட்கவேண்டும்.